மூன்று ஓலை முடியட்டும்

புதிதாக வரும் நோயாளியைப் பதியும் படிவத்தில் 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு கோடு விட்டிருக்கும். அந்தக் கோட்டில் நான் பல வருடங்களாக ஒரே சொல்லைத்தான் எழுதினேன்: அறியாமை. எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தவரும் அதைத்தான் எழுதினார். போன மாதம் நம்முடைய மனநலக் கிளினிக்குக்கு உங்களைப் பார்க்க வந்தபோது, நீங்கள் புதியவர்களுக்குப் படிவம் நிரப்பப் பழக்கிக்கொண்டிருந்தீர்கள். "அந்த இடத்தில அறியாமை எண்டு போடுங்க, போதும்" என்று உங்களில் ஒருத்தி சொல்வது காதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற ஒரு பழைய நேர்சுக்கு என்னத்துக்கு இவ்வளவு கோபம் என்று நினைத்திருப்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளே, நம்முடைய சனம் ஒன்றும் அறியாத சனம் இல்லை. பெற்ற பிள்ளை தனியாகச் சிரிப்பதும், சாப்பாட்டை மோந்து மோந்து பார்ப்பதும், யன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் குந்தியிருப்பதும் ஒரு தாய்க்குத் தெரியாமல் போகுமா? எல்லாம் தெரியும். எங்களையும் நன்றாகத் தெரியும். அதனால்தான் வருவதில்லை.

எங்கள் மனநலக் கிளினிக் செவ்வாய்க்கிழமைகளில் நடந்தது. நோயாளிகள் குந்துகிற நீள வாங்குகள் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரே. பஸ்சில் போகிற எவருக்கும் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். போதாததற்கு எங்களுக்கு ஒரு அற்றண்டன் இருந்தார். நல்ல மனுசன், ஆனால் தொண்டை ஒலிபெருக்கி. "மெண்டல் கிளினிக் ஆக்கள் இஞ்சால வாங்க!" என்று அவர் ஒரு தடவை கூப்பிட்டால் மீன் சந்தை வரைக்கும் கேட்கும். யுத்தம் முடிந்த பிறகு வடக்குக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒரு தாய், மகளோடு அந்த வாங்கில் வந்து இருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டார், எழும்பினார், போனார். மறுபடி வந்தது ஒன்றரை வருடம் கழித்து. அந்தப் படிவத்திலும் நான் அறியாமை என்றுதான் எழுதினேன். என் கையை முறிக்க வேண்டும்.

ஒரு முஸ்லிம் கடைக்கார நானா இருந்தார். மகனுக்கு மருந்து எடுக்க வந்தால் எங்கள் வாங்கில் இருக்க மாட்டார். பல் டொக்டரின் அறைக்கு முன்னால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இருப்பார், நான் கண்ணைக் காட்டினால் உள்ளே வருவார். அவருடைய பல்லில் ஒரு பழுதும் இல்லை. பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதிக் குடிக்கிறார்கள், முன்னேஸ்வரம் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறார்கள், அந்தோனியார் கோயிலுக்கு நடக்கிறார்கள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவள்தான். அந்த இடங்களில் யாரும் பெயரைக் கூவிக் கூப்பிடுவதில்லை, அதை யோசித்துவிட்டுச் சிரியுங்கள்.

ஆனால் இதெல்லாம் அற்றண்டனின் பிழை, வாங்கு போட்டவனின் பிழை. இப்போது சொல்லப் போவது என்னுடைய பிழை.

எங்கள் கரையோரத்தில் வேதக்காரர், அதுதான் கத்தோலிக்கர், வீட்டுக் கலியாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பூசை முடிகிற நேரத்தில், இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் கலியாணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சுவாமியிடம் அறிவிக்க வேண்டும் என்று வாசிப்பார்கள். தடை என்று கோயில் சொல்வது முதலே முடித்த கலியாணம், கிட்டிய இரத்த உறவு, அப்படியான சங்கதிகளை. நம்முடைய ஆட்களின் காதில் அது அப்படி விழுவதில்லை. வீட்டில் யாருக்காவது வலிப்பு இருக்கிறதா, காசம் இருக்கிறதா, தலை பிசகினவர்கள் இருக்கிறார்களா, எல்லாம் அந்தத் தடைக்குள் அடக்கம். அந்த மூன்று கிழமையும் இரண்டு வீட்டாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். காய்ச்சல் என்றால்கூட ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள்.

எனக்கு இது புதுக்கதை இல்லை. என் தங்கச்சியின் கலியாணம் இரண்டாம் ஓலையோடு நின்றது. எங்கள் அப்பாவுக்கு வலிப்பு. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். தைத்த கவுன் அலுமாரிக்குள்ளேயே கிடந்து பழுப்பேறிப் போனது. அவள் பிறகு முடித்தாள், பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த மூன்றாவது ஞாயிறு அவள் பூசைக்குப் போகாமல் பாயில் சுருண்டு கிடந்ததை மட்டும் நான் மறக்கவில்லை. இதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. என் புத்தி எங்கே போய் மாட்டிக்கொண்டது என்று உங்களுக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு தாய் வருவார். வீடு சிலாபத்துக்குக் கிட்ட. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்க, இரண்டு பஸ் மாறி எங்களிடம் வருவார், அங்கே தெரிந்த முகங்கள் இருக்கும் என்று. மூத்த மகனுக்கு மாதம் ஒரு ஊசி. அவனை நோய் தொடங்கி ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். அதனால் அவன் நன்றாக இருந்தான். போட் கட்டுகிற இடத்தில் ஃபைபர் வேலை செய்தான், ஒரு நாள் வேலைக்குப் பிந்தியதில்லை. ஒரு மார்கழியில் அந்தத் தாய் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்.

"மிஸ், சின்னவனுக்குக் கலியாணம் சரிவந்திருக்கு. பொம்பள உங்கட பக்கம்தான். இனி மூத்தவன இஞ்ச கூட்டி வாறது எப்பிடி? பொம்பள வீட்டு ஆக்கள் ஆரும் கண்டா முடிஞ்சுது."

பின்னேரம் கிளினிக் கலைந்த பிறகு பின்வாசலால் வரச் சொன்னேன். ஊசி தவறக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு முக்கியம். அதில் இன்றைக்கும் எனக்கு மனக்குறை இல்லை.

தையில் ஒரு ஞாயிறு நான் பூசையில் இருக்கிறேன். ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை றொஷான், அந்தத் தாயின் சின்ன மகன். பெண் டிலானி, எங்கள் கோயிலில் பாட்டுப் படிக்கிற பிள்ளை, ஸ்டெல்லாவின் மூத்த மகள். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஸ்டெல்லாவின் குடும்பம் கடல் தொழில் செய்கிற நல்ல குடும்பம். புருசனுக்குச் சொந்தப் போட், மகன் ஜூட்டும் தகப்பனோடு தொழிலுக்குப் போகிறவன். அவனுக்கு இருபத்தொரு வயது.

அன்றைக்கு மத்தியானமே ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கதிரையில் இருக்கவும் இல்லை.

"மிஸ், நான் ஆஸ்பத்திரிக்கு வரயில்ல. உங்கட வீட்டுக்கு வந்திருக்கன். நான் வந்ததே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

அழுதுகொண்டு சொன்னாள். கடலில் போட்டுக்குப் போட் கதைக்கிற ரேடியோ செட்டில் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று ஜூட் ஐப்பசியில் சொல்லத் தொடங்கினான். தகப்பன் முதலில் நம்பிவிட்டார். எவனடா என் பிள்ளையைப் பகிடி பண்ணுகிறவன் என்று அடுத்த போட்காரனோடு கரையில் சட்டையைப் பிடித்துச் சண்டை. பிறகு பார்த்தால், செட்டை நிறுத்தினாலும் பிள்ளைக்குக் கேட்கிறது. யாரோ பெட்டையை விரும்பி ஏமாந்துவிட்டான் என்று ஒரு மாதம் போனது. செய்வினை என்று ஒரு மாதம். ஓதின தண்ணீர், நேர்த்தி, நூல் எல்லாம் ஆனது. இப்போது பிள்ளை தொழிலுக்குப் போவதில்லை, நித்திரை இல்லை, வீட்டுக்குள்ளேயும் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறான்.

"எனக்குத் தெரியும் மிஸ் இது என்ன எண்டு. எங்கட பெரியப்பா ஒராள் இப்பிடித்தான் இருந்தவர். கட்டித்தான் வச்சிருந்தாங்க. மூண்டு ஓலையும் முடியட்டும். கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் நீங்க சொல்லுற இடத்துக்கு நானே கொண்டு வாறன். மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சா என்ட பிள்ளையின்ட வாழ்க்க போச்சு."

மாப்பிள்ளை வீட்டுக்கு! நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எந்த வீட்டுக்குப் பயந்து நடுங்கினாளோ அந்த வீட்டு மூத்த பிள்ளைக்கு நான் பத்து நாளைக்கு முன்னால்தான் ஊசி போட்டு அனுப்பியிருந்தேன். இரண்டு தாய்மாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிக்க வந்திருக்கிறார்கள். சொல்ல வாய் உன்னியது. சொல்லக்கூடாது. ஒரு நோயாளியின் கதையை இன்னொரு வீட்டில் சொல்கிற நேர்சுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை. அதை நீங்களும் மறக்கக்கூடாது.

நான் சொல்லவில்லை. அது சரி. அதோடு சேர்த்து, "மூண்டு கிழமைதானே, பரவாயில்ல ஸ்டெல்லா" என்றும் சொன்னேன். அதை யார் என்னைச் சொல்லச் சொன்னது?

அந்தக் கிழமையே அவள் வீட்டுக்குப் போனேன், புருசனுக்குப் பிரஷர் பார்க்கிற சாட்டில். ஜூட் அறைக்குள் இருந்தான். மெலிந்து போயிருந்தான், ஆனால் முகம் கழுவி, தலை இழுத்து, சுத்தமாக இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, கதிரையில் கிடந்த உடுப்பை எடுத்துவிட்டு இடம் தந்தான். தகப்பன் வெளியே போகும் வரைக்கும் பொறுத்திருந்து மெல்லக் கேட்டான்.

"மிஸ், நீங்க செவ்வாய்க்கிழமை கிளினிக்கில இருக்கிறவதானே? எனக்கு நித்திர வாறதுக்கு மருந்து இருக்கா?"

"இருக்கு தம்பி."

"அப்ப இந்தக் கதைக்கிற சத்தத்துக்கு? அது உண்மையா எனக்குத்தான் கேக்குதா, இல்லாட்டி என்ட தலைக்குள்ளயா எண்டு எனக்கே இப்ப தெரியுதில்ல மிஸ். செவ்வாய்க்கிழமை நான் வரட்டா? அம்மாட்டச் சொல்லாம பஸ்சில வந்திருவன்."

உங்களுக்குப் பாடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள், இந்த நோயாளிகளுக்குத் தங்களுக்கு நோய் என்பதே தெரியாது, வர மாட்டோம் என்றுதான் நிற்பார்கள் என்று. பலர் அப்படித்தான். ஆனால் தொடக்கத்தில் ஒரு கொஞ்ச நாள் கதவு திறந்திருக்கும். எனக்கு என்னமோ நடக்கிறது என்று பிள்ளைக்கே பிடிபடுகிற நாட்கள் அவை. ஒரு சிலருக்குத்தான் அது வாய்க்கும். ஜூட்டுக்கு வாய்த்தது. அவன் பஸ் ஏறி வருகிறேன் என்று கேட்டான்.

நான் சொன்னேன், "கொஞ்சம் பொறு தம்பி. அக்காட கலியாணம் முடியட்டும். பிறகு நானே உன்னக் கூட்டிக்கொண்டு போறன்."

"சரி மிஸ்" என்றான்.

நான் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. பின்வாசல் இருந்தது. அதே பின்வாசலால்தானே றொஷானின் அண்ணனைக் கூப்பிட்டேன்! டொக்டரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த மனுசன் தன்னுடைய காரிலேயே அவன் வீட்டுக்கு வந்திருப்பார். ஒன்றும் இல்லாவிட்டால் பல்லுக்கு என்று ஒரு துண்டு எழுதி அந்த வாங்கிலாவது இருத்தியிருக்கலாம். எல்லா வழியும் எனக்குத் தெரியும். அறியாமையாம்! என்னைவிட அறிந்தவள் அந்தக் கரையில் இருந்தாளா? ஆனாலும் என் மனதில் ஓடினது ஒன்றே ஒன்று: என்னால் இந்தக் கலியாணம் நிற்கக்கூடாது.

இரண்டாம் ஓலை போனது. மூன்றாம் ஓலையும் போனது. கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க மாப்பிள்ளை வீட்டில் தகப்பனுடைய அக்கா செத்துப்போனார். சாவுத் துடக்கு என்று தள்ளிப் போட்டார்கள். அதற்குள் தவக்காலம் தொடங்கிவிட்டது. தவக்காலத்தில் நம்முடைய ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை. ஈஸ்டருக்குப் பிறகுதான் என்று ஆனது. மூன்று கிழமை மூன்று மாதமானது.

நான் இரண்டு தடவை ஸ்டெல்லாவைத் தேடிப் போனேன். முதல் தடவை, "இவ்வளவு பொறுத்தாச்சு மிஸ், இன்னும் கொஞ்சம்தானே" என்றாள். என்னுடைய சொல்லையே எனக்குத் திருப்பித் தந்தாள். இரண்டாவது தடவை ஜூட் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "அவவப் போகச் சொல்லுங்க, அவவும் அவங்கட செட்டில கதைக்கிறவ" என்று சத்தம் போட்டான். கதவு சாத்தியாகிவிட்டது. ஒரு அனுபவமுள்ள நேர்சு அன்றைக்கே நேராக டொக்டரின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் என் வீட்டுக்குப் போய்ச் சோறு சமைத்தேன்.

கலியாணத்துக்கு இரண்டு வீட்டாரும் தனித்தனியாக எனக்கு அழைப்புக் காட் கொண்டுவந்து தந்தார்கள். ஏன் எனக்கு இவ்வளவு மரியாதை என்பது தங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொரு வீட்டாருக்கும் நினைப்பு. போகாமல் இருக்க முடியுமா? போனேன். காலையில் கோயிலில் தாலி கட்டு, பத்து மணிக்கெல்லாம் வீட்டுப் பந்தலில் கொண்டாட்டம். ஜூட் எங்கே என்று சனம் கேட்டால், "தம்பி மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போயிட்டான், லீவு இல்ல" என்று சொன்னார்கள். உண்மையில் அவன் பின்னொழுங்கையில் சின்னம்மா வீட்டு அறைக்குள் இருந்தான். கதவு வெளியால் பூட்டு. வாசலில் ஒரு மாமா காவல். பாமசியில் வாங்கின ஏதோ நித்திரைக் குளிசையும் கொடுத்திருந்தார்கள்.

கேக் வெட்டிக் கொடுக்கிற நேரம். நான் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். காவலுக்கு நின்ற மாமா வேட்டியெல்லாம் இரத்தமாக ஓடிவந்து ஸ்டெல்லாவின் காதில் ஏதோ சொன்னார். ஸ்டெல்லா ஓடினாள். பின்னால் நான். எனக்கும் முன்னால் ஓடினது மாப்பிள்ளை, றொஷான். பாட்டும் அறிவிப்புமாக ஒலிபெருக்கி அலறினதில் அந்தப் பிள்ளைக்கு நோய் ஏறிவிட்டது. அக்காவை ஏதோ செய்யப் போகிறார்கள் என்று அந்தக் குரல்கள் சொன்னதாம். காப்பாற்ற வேண்டும் என்று யன்னல் கண்ணாடியை வெறும் கையால் குத்தி உடைத்து, அந்த ஓட்டைக்குள்ளால் கையை விட்டு இழுத்திருக்கிறான். வலது கை, மணிக்கட்டில் இருந்து மேலே கிழிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரியில் நாலு பேர் அவனை அமத்திப் பிடித்தார்கள். அவன் திமிறினான். என்னைக் கண்டதும் இன்னும் மோசம், "இவதான்! இவதான்!" என்று கத்தினான். நான் பின்னால் போய்ச் சுவரோடு நின்றேன். இருபத்தைந்து வருடச் சேவை, ஒரு உதவிக்கும் ஆகவில்லை. றொஷான்தான் உள்ளே போனான், கலியாணக் கோட்டுச் சூட்டோடேயே. சிங்கள டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னான், இவருக்கு மனநோய், பயத்தில்தான் அடிக்கிறார், பிடித்திருக்கிறவர்களை விடச் சொல்லுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள் என்று. பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் முழங்காலில் நின்றான்.

"ஜூட், நான் றொஷான். பயமா இருக்கு என்ன? ஓம், இருக்கும். அக்கா நல்லா இருக்கிறா. இப்பதான் பாத்திட்டு வாறன். ஒருத்தரும் அவவ ஒண்டும் செய்யயில்ல."

அதையே அவன் பத்துத் தரம், இருபது தரம், சத்தம் கூட்டாமல் சொன்னான். ஜூட்டின் உடம்பு மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஊசி போட விட்டான்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லாவின் புருசன் கேட்டார், "உமக்கு எப்பிடித் தம்பி இதெல்லாம் தெரியும்?"

றொஷான் தலையைக் குனிந்தான். "எங்கட அண்ணனுக்கும் இதுதான் மாமா. மிஸ்தான் மாசாமாசம் ஊசி போடுறவ. ஓலை எழுதக் கோயிலுக்கு வந்த அண்டைக்கே ஜூட்டப் பாத்து எனக்கு விளங்கிற்று. காதப் பொத்திக்கொண்டு நிண்டவன். கேட்டா நீங்க வெக்கப்படுவீங்க எண்டு பேசாம இருந்தன். கேட்டா எங்கட வீட்டுக் கதையும் வெளிய வரும், நீங்க பொம்பள தர மாட்டீங்க எண்டும் பயந்தன். என்னில பிழைதான் மாமா."

ஸ்டெல்லா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு ரெண்டு வீட்டுக் கதையும் தெரியுமா மிஸ்?"

"ஓம்."

"ஓலை வாசிக்கேக்கயே தெரியுமா?"

"ஓம் ஸ்டெல்லா."

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கச் சுவரோரமாகப் போட்டு இருந்தாள். நான் ஓய்வு பெறும் வரைக்கும் அவள் ஒரு மாதம் தவறாமல் ஜூட்டைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தாள். எவ்வளவு கூட்டம் என்றாலும் மற்ற நேர்சின் வரிசையில்தான் நின்றாள். றொஷானின் அண்ணனும் ஜூட்டும் ஒரே ஓட்டோவில் வந்து இறங்குவார்கள். கலியாணமும் உடையவில்லை, ஒரு மண்ணும் ஆகவில்லை. எதற்காக அத்தனை மாதமும் பொத்திப் பொத்தி வைத்தோமோ, அது ஒரு அரை மணித்தியாலக் கதையில் முடிகிற சங்கதியாக இருந்தது.

நான் எல்லாவற்றையும் டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. "மற்ற வீட்டுக் கதையை நீங்கள் சொல்லாதது சரி, அதற்கு நான் கையெழுத்து வைப்பேன்" என்றார். "பொறு என்று சொன்னதற்கு யாரிடம் கையெழுத்து வாங்கினீர்கள்?" என்று கேட்டார்.

இதில் உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. இரகசியத்தைக் காப்பாற்றுங்கள், உயிர் போனாலும் காப்பாற்றுங்கள். ஆனால் அதற்குப் பின்னால் போய் நீங்கள் ஒளிக்காதீர்கள். யாருடைய பெயரும் சொல்லாமலே நான் ஸ்டெல்லாவிடம், "இந்தக் கரையில நீ நினைக்கிறதவிட எத்தினையோ வீட்டில இது இருக்கு, மருந்தெடுத்துக் கலியாணமும் முடிக்கிறாங்க, நாளைக்கே பிள்ளையக் கொண்டு வா" என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு இரகசியமும் உடையாது. சனத்தின் வெட்கத்துக்கு நீங்கள் மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அந்த வெட்கத்துக்கே வேலைக்காரியாகிவிடாதீர்கள். நான் ஆனேன்.

ஜூட்டின் கையைத் தைத்தார்கள். காயம் ஆறியது. விரல்கள் மடங்கவில்லை. வலை இழுக்கிற கை அது. மருந்து பிடிபட நெடுநாள் எடுத்தது, நேரத்தோடு வந்தவர்களுக்குப் பிடிபடுவதுபோல முழுதாகப் பிடிபடவும் இல்லை. கலியாணம் நடந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, அவன் இன்னும் வார்ட்டில் இருந்தபோது, ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து நான் அவன் கட்டிலுக்குப் போனேன். கத்துவான் என்று பயந்துதான் போனேன். கத்தவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கதிரையைக் காட்டினான்.

"மிஸ், நான் வாறன் எண்டு கேட்டன்தானே?"

"ஓம் தம்பி. கேட்டாய்."

"அப்ப ஏன்?"

நான் எல்லாம் சொன்னேன். மூன்று ஓலையும், என் தங்கச்சியும், நான் பயந்ததும். மன்னிப்பும் கேட்டேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். மருந்தால் நாக்குக் கொஞ்சம் தடித்திருந்தது, சொற்கள் மெல்ல வந்தன. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீங்க கலியாணத்துக்குப் போனீங்க என்ன மிஸ்? அக்கா சாரியா உடுத்தவ, கவுனா?"

"கவுன் தம்பி. வெள்ளைக் கவுன். நிலத்தில இழுபடுற மாதிரி."

"வடிவா இருந்தவவா?"

"வடிவா இருந்தவ."

"கேக் எத்தின தட்டு?"

மூன்று தட்டு என்று சொன்னேன்.